முனைவர் பட்டத்தோடு ரிப்போர்ட்டர் வேலைக்கு வரலாமா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் கடல் உயிரியலில் முனைவர் பட்டம் முடித்தவர். வயது 33. இரண்டு திட்டங்களில் தற்காலிக ஆய்வாளராக இருந்தாயிற்று, மூன்றாவது திட்டம் வரும் மார்ச்சில் முடிகிறது. நிரந்தர வேலை கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை. எழுதப் பிடிக்கும். அறிவியல், சுற்றுச்சூழல் செய்தியாளராக மாறலாமா, அதற்குத் தனியாகப் படிக்க வேண்டுமா, தமிழில் எழுதுவதா ஆங்கிலத்திலா, வயிற்றுப்பாட்டுக்கு ஆகுமா என்று கேட்டிருக்கிறார்.

மாறலாம். நானும் மாறினவன்தான். ஏழு வருடம் முகத்துவாரச் சேற்றில் ஈயமும் காட்மியமும் எவ்வளவு என்று அளந்துகொண்டிருந்தேன். இப்போது பதினாலு வருடமாகச் செய்தி எழுதுகிறேன். ஆனால் ‘எழுதப் பிடிக்கும்’ என்பதை மட்டும் ஒரு காரணமாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். இந்த வேலையில் எழுதுவது கால்வாசிதான். மிச்சமெல்லாம் போன் அடிப்பது, அதிகாரி அறைக்கு வெளியே பெஞ்சில் காத்திருப்பது, முன்பின் தெரியாதவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து டீ குடிப்பது, நானூறு பக்க அறிக்கையில் எங்கோ ஒளிந்திருக்கும் ஓர் அட்டவணையைத் தேடுவது. இதெல்லாம் பிடிக்குமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் முதல் கட்டுரையின் கதையைச் சொல்கிறேன். 1,800 சொல் எழுதிக்கொண்டு போனேன். முதல் பத்தியில் முகத்துவாரம் எப்படி உருவாகிறது என்று விளக்கம். இரண்டாவதில் கன உலோகம் என்றால் என்ன. மூன்றாவதில் எனக்கு முன்னால் யார் யார் ஆராய்ந்தார்கள். ஒன்பதாவது பத்தியில்தான் மீன் எட்டிப் பார்த்தது. செய்தி ஆசிரியர் பொறுமையாகப் படித்துவிட்டு, “இந்தச் சேத்துல யாராவது இறங்குறாங்களா?” என்று கேட்டார்.

இறங்குகிறார்கள். பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, கையால் சேற்றைத் தடவித் தடவி இறால் பிடிப்பார்கள். பிடித்த இறாலைப் போட, கழுத்தில் கட்டிய ஓலைப்பறியை வாயில் கவ்வியிருப்பார்கள். ஏழு வருடமும் என் மாதிரிப் புட்டிகளுக்குப் பத்தடி தள்ளி அவர்கள் நின்றிருந்தார்கள். ஒருவரிடமும் நான் பேசியதில்லை. நான் எடுத்த புகைப்படங்களில்கூட அவர்கள் வரக் கூடாது என்று கேமராவை நகர்த்தி எடுத்திருக்கிறேன். ஆய்வுக் கட்டுரைக்கு அவர்கள் தேவைப்படவில்லை, அவ்வளவுதான். மறுநாள் காலை போய் ஓர் அம்மாவிடம் பேசினேன். “தம்பி, நீ மண்ணு அள்ளுற சார்தானே?” என்றார். தினமும் சேற்றில் இருக்கும் விரல்களைக் காட்டினார், நகக்கண் முழுக்க வெடிப்பு. அந்த வெடிப்புக்கும் என் ஈயத்துக்கும் தொடர்பு உண்டு என்று சொல்ல என்னிடம் ஆதாரம் கிடையாது, அதனால் அப்படி எழுதவும் இல்லை. ஆனால் கட்டுரை அவர் கையில்தான் தொடங்கியது. 1,800 சொல் 650 ஆனது.

ஆய்வுக் கட்டுரைக்கு ஒரு வரிசை உண்டு: அறிமுகம், முறை, முடிவு, விவாதம். செய்தி அதைத் தலைகீழாகக் கவிழ்த்துவிடுகிறது. உங்கள் ஆய்வேட்டின் ஐந்தாம் அத்தியாயத்துக் கடைசி வரிதான் இங்கே முதல் வரி. இதைப் பழகுவது ஒன்றும் பெரிய கஷ்டம் இல்லை, ஆறு மாதத்தில் வந்துவிடும். கஷ்டமானது வேறு.

அறிவியல் படித்தவர்கள் இந்தத் துறைக்கு வரும்போது ஒரு நினைப்போடு வருகிறார்கள்: பத்திரிகைக்காரர்களுக்கு அறிவியல் தெரியாது, அதனால்தான் தப்புத் தப்பாக எழுதுகிறார்கள், நாம் போனால் சரியாகிவிடும். எனக்கும் இருந்தது. போபால் ராஜ்குமார் கேஸ்வானியைப் பற்றிப் படித்த அன்று அது போயிற்று. அவர் வேதியியல் படித்தவர் இல்லை. சின்ன இந்தி வாரப் பத்திரிகை நடத்தியவர். 1981 டிசம்பரில் யூனியன் கார்பைடு பூச்சிக்கொல்லி ஆலையில் பாஸ்ஜீன் வாயு பட்டு, அவருக்குத் தெரிந்த ஒரு தொழிலாளி இறந்துபோனார். அதிலிருந்து விசாரிக்க ஆரம்பித்தார். அந்த வாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் மேலே போகாமல் தரையோடு படரும் என்பதைத் தானே படித்துத் தெரிந்துகொண்டார். நிறுவனமே 1982-ல் செய்த பாதுகாப்புத் தணிக்கை அறிக்கையைத் தேடிப் பிடித்தார். அதே வருடம் செப்டம்பரில் இந்த நகரத்தைக் காப்பாற்றுங்கள் என்று எழுதினார். 1984 ஜூனில் ஜன்சத்தாவில் மறுபடியும் எழுதினார். யாரும் கேட்கவில்லை. டிசம்பர் 2-ஆம் தேதி இரவு வந்தது, ஆலையிலிருந்து விஷவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள்.

ஊரில் வேதியியல் பேராசிரியர்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். வாயு கனமானது என்பது அவர்களுக்குப் பாலபாடம். ஆனால் கேட்டவர் இவர். தெரியாததை மூன்று மாதத்தில் படித்துக்கொள்ளலாம். கேட்கிற பழக்கம் அப்படி வருவதில்லை, நமக்கு அது குறைவு. கருத்தரங்கில் கையைத் தூக்கி ‘அப்படின்னா என்ன?’ என்று கடைசியாக எப்போது கேட்டீர்கள்? தெரியாதது வெளியில் தெரிந்துவிடக் கூடாது என்றே பத்து வருடம் பழகியிருக்கிறோம். இந்த வேலையில் தினமும் அதைத்தான் கேட்க வேண்டும், அதுவும் நமக்குப் பதில் தெரிந்த விஷயத்திலேயே கேட்க வேண்டும். ஏனென்றால் உங்களுக்குத் தெரிந்ததை நீங்களே சொல்லி எழுதினால் அது செய்தி ஆகாது, அதற்குப் பொறுப்பானவர் சொல்ல வேண்டும்.

சரி, அப்படியானால் படித்த படிப்புக்குப் பயனே இல்லையா? இருக்கிறது. நான் பார்த்தவரை முக்கியமாக இரண்டு இடத்தில். ஒன்று எண். இன்னொன்று காகிதம்.

எண்ணுக்கு 2015 சென்னை வெள்ளத்தை எடுத்துக்கொள்வோம். டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அதிகபட்சமாக நொடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டார்கள் என்று எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. யாருக்காவது அது எவ்வளவு தண்ணீர் என்று புரிந்திருக்குமா? ஒரு கன அடி 28.3 லிட்டர். 29,000 கன அடி என்றால் சுமார் 8.2 லட்சம் லிட்டர். சென்னையில் ஓடும் பெரிய தண்ணி லாரி 12,000 லிட்டர் பிடிக்கும். ஆக நொடிக்கு 68 லாரி. ஒன்று, இரண்டு என்று எண்ணுவதற்குள் 136 லாரி அடையாற்றில் கவிழ்ந்துவிட்டது. இன்னொரு கணக்கு: தாம்பரத்தில் அந்த 24 மணி நேரத்தில் 49 செ.மீ. மழை. ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மனையில் விழுந்தது மட்டும் சுமார் 1,09,000 லிட்டர், ஒன்பது லாரி. வீட்டுக்கு ஒன்பது லாரி என்று தெருவுக்குக் கணக்குப் போட்டால், அது வடிய ஒரு கால்வாயும் இல்லை என்பது ஏன் செய்தி என்று தானாகப் புரியும். இந்தக் கணக்குக்கு முனைவர் பட்டம் வேண்டாம், எட்டாம் வகுப்புப் போதும். ஆனால் அலகைக் கண்டால் பயப்படாமல் கணக்குப் போட்டுப் பார்க்கும் கை, செய்தி அறையில் அபூர்வம். அந்தக் கை உங்களிடம் இருக்கிறது.

அதே வெள்ளத்தில் இன்னொரு பாடமும் உண்டு. எல்லாரும் ‘பருவநிலை மாற்றத்தால் வந்த மழை’ என்று எழுதினார்கள். அந்த மழையை எடுத்து ஆராய்ந்த ஒரு பன்னாட்டு ஆய்வுக் குழு, புவி சூடானதால் இந்த மழைக்கான வாய்ப்பு கூடியது என்று காட்டும் தடயம் கிடைக்கவில்லை என்று முடிவு சொன்னது. காற்றில் உள்ள மாசுத் துகள்கள் அந்த விளைவை மறைத்திருக்கக்கூடும் என்றும் சொன்னது. இதை எப்படி எழுதுவீர்கள்? ‘பருவநிலை மாற்றம் காரணம் இல்லை’ என்று தலைப்புப் போட்டால் மறுப்பவர்கள் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். எழுதாமல் விட்டால் பொய். உலகம் சூடாவதற்கு மனிதன்தான் காரணம் என்பதில் சந்தேகத்துக்கே இடமில்லை என்று ஐ.நா.வின் பருவநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி 2021-ல் சொல்லியாயிற்று. ஆனால் ‘ஒவ்வொரு மழைக்கும் அதுதான் காரணமா?’ என்பது தனிக் கேள்வி, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்க வேண்டியது. இந்த இரண்டையும் ஒரே கட்டுரையில் குழப்பமில்லாமல் வைக்க, பிழை எல்லை, அதாவது ஒரு கணக்கு எவ்வளவு தள்ளிப்போகலாம் என்பது, என்றால் என்ன என்று உடம்பில் ஊறிய ஆள் வேண்டும். அப்புறம், மழையைப் பருவநிலை மேல் போட்டுவிட்டால் ஏரியின் மதகு, ஆற்றின் ஆக்கிரமிப்பு, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் எழுந்த கட்டடம் எல்லாம் தப்பித்துக்கொள்ளும் என்பதையும் கவனித்திருப்பீர்கள். அதிகாரிகளுக்கு ‘இது இயற்கைச் சீற்றம்’ என்ற வார்த்தை ரொம்பப் பிடிக்கும்.

‘நூறு வருடத்தில் ஒருமுறை வரும் வெள்ளம்’ என்பதும் இந்த ரகம்தான். வாசகர் அதை ‘அப்பாடா, இனி நம் காலத்தில் இல்லை’ என்று படிக்கிறார். அர்த்தம், ஒவ்வொரு வருடமும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு. முப்பது வருடம் வீட்டுக் கடன் கட்டுபவருக்கு அந்தக் காலத்தில் ஒரு முறையாவது அது வர 26 சதவீத வாய்ப்பு, நாலில் ஒன்றுக்குக் கொஞ்சம் கூட. இப்படிச் சொன்னால் வீடு வாங்குபவர் வரைபடத்தை ஒருமுறை பார்ப்பார். 2015 அக்டோபரில், தினமும் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி தின்றால் பெருங்குடல் புற்று 18 சதவீதம் கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் முகமை சொன்னது. நூறில் ஐந்து பேருக்கு வரும் நோய் 18 சதவீதம் கூடினால் ஆறு பேர். ஆனால் நூறில் பதினெட்டுப் பேருக்குக் கூடுதலாகப் புற்றுநோய் என்றுதான் நிறையப் பேருக்குப் போய்ச் சேர்ந்தது.

‘அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்தான் இருக்கிறது’ என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொல்வதை அப்படியே எழுதிவிடாதீர்கள். காற்றில் மிதக்கும் பிஎம் 2.5 நுண்துகளுக்கு நம் நாட்டில் 24 மணி நேர வரம்பு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்னது 15. மணலியில் ஒருநாள் 55 என்றால் சட்டப்படி சரி, நுரையீரல்படி மூன்றரை மடங்குக்கும் மேல். வரம்பு என்பது ஒரு அரசு எடுத்த முடிவு, இயற்கை போட்ட கோடு கிடையாது. இது உங்களுக்குத் தெரியும். எழுதுபவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

இனி காகிதம். இந்தியாவில் சுற்றுச்சூழல் செய்தியின் சுரங்கம் என்று நான் சொல்வது 2006 செப்டம்பரில் வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையை. பெரிய ஆலை, துறைமுகம், சுரங்கம் எதுவானாலும் சுற்றுச்சூழலுக்கு என்ன பாதிப்பு வரும் என்று அறிக்கை தயாரிக்க வேண்டும், அதன் சுருக்கம் உள்ளூர் மொழியில் கிடைக்க வேண்டும், பெரும்பாலான பெரிய திட்டங்களுக்கு முப்பது நாள் முன்னதாக அறிவித்துக் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். கலெக்டரோ அவர் அனுப்பும் அதிகாரியோ தலைமை தாங்குவார், முழுவதும் வீடியோ எடுக்கப்படும். கூட்டத்துக்குப் போகிற செய்தியாளர்கள் சத்தத்தை எழுதுகிறார்கள்: யார் மைக்கைப் பிடுங்கினார், யார் வெளிநடப்பு செய்தார். அறிக்கையைப் படித்துவிட்டு வருபவர் மிகச் சிலர். நீங்கள் உயிரினப் பட்டியல் உள்ள பின்னிணைப்பை நேராகத் திறங்கள். மகாராஷ்டிரத்தின் ரத்தினகிரியில் ஒரு பாக்சைட் சுரங்கத்துக்கான அறிக்கையில், ரஷ்யச் சுரங்கம் ஒன்றின் அறிக்கையிலிருந்து பத்தி பத்தியாக அப்படியே நகலெடுத்திருந்தது பிடிபட்டது. கொங்கண் கரையில் குளிர்நாட்டு மரங்கள்! இதைப் பிடிக்கப் புலனாய்வுப் புலி தேவையில்லை. தாவரவியல் படித்தவர் பத்து நிமிடம் உட்கார்ந்தால் போதும். முகத்துவாரத்தில் ஒரு மீன்கூட முட்டையிடுவதில்லை என்று சொல்லும் அறிக்கையை நான் பார்த்திருக்கிறேன். மாதிரி எடுத்த தேதியைப் பார்த்தேன், மே மாத உச்சி வெயிலில் ஒரே ஒரு நாள்.

தகவல் உரிமைச் சட்டத்தையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். பத்து ரூபாய், முப்பது நாள். பதில் வராவிட்டால் முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்குப் பிறகு தொண்ணூறு நாளுக்குள் தகவல் ஆணையம். ஆய்வாளர்கள் இதில் ஒரு தப்பு செய்வார்கள்: ‘ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?’ என்று கேட்பார்கள். ‘ஏன்’ என்பதற்குக் கோப்பு இருக்காது, அழகாக மறுத்துவிடுவார்கள். ‘இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை எடுத்த நீர் மாதிரிகளின் பரிசோதனை அறிக்கை நகல்’ என்று கேளுங்கள். கிடைக்கும். அல்லது ‘அப்படி எதுவும் எடுக்கப்படவில்லை’ என்று எழுத்தில் பதில் வரும். அது இன்னும் நல்ல செய்தி.

உதறவேண்டிய பழக்கங்கள் சில இருக்கின்றன. முதலாவது, முழுதும் நிச்சயமாகத் தெரியும்வரை வாய் திறக்காமல் இருப்பது. ஆய்விதழ் எட்டு மாதம் காத்திருக்கும், செய்தி அறை மாலை ஆறு மணிவரைதான். அதற்காக அரைகுறையாக எழுதச் சொல்லவில்லை. இன்றைக்குத் தெரிந்தது இவ்வளவு, தெரியாதது இவ்வளவு என்று பிரித்து எழுதினால் அது முழுமையான செய்திதான்.

அடுத்தது, எழுதியதை முன்கூட்டியே காட்டுவது. என் பழைய பேராசிரியர் ஒருவரிடம் ஒரு கட்டுரைக்காகக் கருத்துக் கேட்டேன். “டிராஃப்ட்ட அனுப்புப்பா, பாத்துத் தரேன்” என்றார், மாணவனிடம் கேட்பதைப்போல. அனுப்பினேன். திரும்பி வந்தபோது அவர் துறைக்குச் சங்கடமான மூன்று வரிகள் காணவில்லை, ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒரு ‘இருக்கக்கூடும்’ முளைத்திருந்தது. அந்த மூன்று வரிகளைத் திருப்பிப் போட்டேன். பிறகு ஒன்றரை வருடம் பேச்சு இல்லை. தப்பு என்னுடையது, அனுப்பியே இருக்கக் கூடாது. அவர் சொன்ன கருத்தையும் எண்களையும் போனில் வாசித்துச் சரிபார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். முழுக் கட்டுரையைக் காட்டக் கூடாது. உங்களுக்கும் இது நடக்கும். யாரோடு டீ குடித்தீர்களோ அவர்களைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கும். உங்கள் பழைய ஆய்வகம், அதற்குப் பணம் தந்த நிறுவனம் இரண்டையும் முதல் இரண்டு வருடம் தொடாமல் இருங்கள். தொட்டே ஆகவேண்டும் என்றால் தொடர்பை ஆசிரியரிடமும் வாசகரிடமும் சொல்லிவிடுங்கள். விஞ்ஞானிகள் உங்களை ‘நம்ம ஆள்’ என்று நினைப்பார்கள், அது கதவைத் திறக்கும். உள்ளே போனபிறகு நீங்கள் நம்ம ஆளாக இருந்தால் எழுத எதுவும் மிஞ்சாது.

மொழியில் ஒரு கண்ணி இருக்கிறது. நமக்குப் பழகிய சொல் வாசகரிடம் வேறு அர்த்தத்தோடு போகும். ‘நேர்மறைப் பின்னூட்டம்’ என்று எழுதினால் ஏதோ நல்லது நடக்கிறது என்று நினைப்பார், நாமோ பனி உருக உருக உருகும் வேகம் கூடுவதைச் சொல்லிக்கொண்டிருப்போம். ‘குறிப்பிடத்தக்க வேறுபாடு’ என்றால் அவருக்குப் பெரிய வேறுபாடு, நமக்குத் தற்செயலாக வந்திருக்க வாய்ப்புக் குறைந்த வேறுபாடு, அளவில் அது கடுகாக இருக்கலாம். கலைச்சொல் அகராதியை மூடி வைத்துவிட்டுக் கரையில் என்ன சொல்கிறார்கள் என்று கேளுங்கள். பத்திரிகைத் தமிழில் கடற்பசு என்பது பாக் நீரிணை மீனவரிடம் ஆவுளியா. 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை கடற்பகுதியில் 448 சதுர கி.மீ. காப்பகம் அறிவித்தார்களே, அதைப் பற்றி எழுதப் போய் ‘கடற்பசு’ என்று கேட்டால் பதில் ஒரு வரியில் முடியும். ‘ஆவுளியா’ என்று கேட்டுப் பாருங்கள், அரை மணி நேரம் பேசுவார்கள்.

தமிழா ஆங்கிலமா என்று கேட்டீர்கள். இரண்டும். ஆங்கிலத்தில் மோங்காபே இந்தியா, டவுன் டு எர்த் போன்ற சுற்றுச்சூழல் இதழ்களில் வெளியாட்கள் எழுதலாம், பணமும் ஓரளவு வரும், எடிட்டிங் கறாராக இருக்கும், நிறையக் கற்றுக்கொள்ளலாம். தமிழில் பணம் குறைவு. ஆனால் எண்ணூரைப் பற்றி ஆங்கிலத்தில் நான் எழுதியதற்கு டெல்லியிலிருந்து மெயில் வந்தது. தமிழில் எழுதியதை எண்ணூர் டீக்கடையில் ஒட்டி வைத்திருந்தார்கள், அடுத்த வாரம் மூன்று பேர் தங்கள் கையில் இருந்த பழைய நோட்டீஸ், மருத்துவச் சீட்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு என்னைத் தேடி வந்தார்கள். அடுத்த மூன்று கட்டுரைகள் அதிலிருந்து வந்தன. ஆவணம் வேண்டுமானால் தமிழில் எழுதியாக வேண்டும், என் அனுபவம் அது. இந்து தமிழ் திசையின் ‘உயிர் மூச்சு’, பசுமை விகடன், சிறுவர்களுக்கு எழுத ஆசை இருந்தால் துளிர் எல்லாவற்றையும் புரட்டிப் பாருங்கள். யாருக்கு எந்த அளவில் என்ன வேண்டும் என்பது படித்தால்தான் தெரியும்.

படிப்பைப் பற்றி. தரமணியில் ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசத்தில் ஒரு வருடப் படிப்பு இருக்கிறது. நண்பர்களும் தொடர்புகளும் கிடைப்பார்கள், கட்டணமும் கனம்தான். 33 வயதில் சேமிப்பைக் கரைத்து அதைச் செய்ய வேண்டுமா என்றால், நான் செய்யமாட்டேன். சுற்றுச்சூழல் செய்தியாளர் அனில் அகர்வால் கான்பூர் ஐஐடியில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவர். 1973-ல் ஹிந்துஸ்தான் டைம்ஸில் அறிவியல் நிருபராகச் சேர்ந்து, அடுத்த வருடமே, மரங்களைக் கட்டிப்பிடித்து வெட்டவிடாமல் காத்த சிப்கோ போராட்டத்தைப் பற்றி எழுதினார். 1980-ல் அறிவியல் சுற்றுச்சூழல் மையம், 1992-ல் டவுன் டு எர்த் என்று போனார். வேலையில் இறங்கித்தான் கற்றுக்கொண்டார். இன்று உங்களுக்கு அவரைவிட வசதி அதிகம். ‘தி ஓப்பன் நோட்புக்’ என்ற தளம் 2010-லிருந்து நடக்கிறது. அறிவியல் செய்தியாளர்கள் ‘இதைப் பற்றி எழுதட்டுமா’ என்று ஆசிரியருக்கு எழுதிய உண்மையான பிட்ச் கடிதங்கள் அங்கே குவிந்து கிடக்கின்றன, இலவசம். எர்த் ஜர்னலிசம் நெட்வொர்க் என்ற அமைப்பு களச் செய்திகளுக்கு நிதி தருகிறது.

வயிற்றுப்பாடு. மறைக்காமல் சொல்கிறேன். 2023 ஜனவரி முதல் கணக்கிட்டு உயர்த்தியபடி, மத்திய அரசுத் திட்டங்களில் மூத்த ஆய்வு மாணவருக்கே மாதம் 42,000, முனைவர் பட்டம் முடித்த இணை ஆய்வாளருக்கு 58,000-லிருந்து தொடக்கம். வீட்டு வாடகைப்படி தனி. தமிழ் நாளிதழில் புதிதாகச் சேர்பவர் இதற்குப் பக்கத்தில் வருவதை நான் பார்த்ததில்லை. ஃப்ரீலான்ஸ் என்றால் கட்டுரை வெளிவந்த பிறகுதான் பணம், அதுவும் இரண்டு மூன்று மாதம் கழித்து. எனக்கு ஒரு நிறுவனம் பதினோரு மாதம் கழித்துத் தந்தது, அதற்குள் அந்தப் பக்கத்தையே நிறுத்திவிட்டார்கள். ஆகவே மார்ச்சில் திட்டம் முடிந்ததும் குதிக்காதீர்கள். கையில் ஆறேழு மாத வீட்டுச் செலவுக்குப் பணம் இருக்க வேண்டும், அச்சில் ஐந்தாறு கட்டுரை வந்திருக்க வேண்டும். முதல் சில வருடம் ஆய்வுக் கட்டுரைகளைத் திருத்திக் கொடுப்பது, நிறுவனங்களின் ஆண்டறிக்கை எழுதித் தருவது போன்ற வேலைகள் சோறு போடும். அப்படி எந்த நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்தீர்களோ அதைப் பற்றிச் செய்தி எழுதாதீர்கள், அவ்வளவுதான். ‘நேச்சர்’ ஆய்விதழின் செய்தித் தடை, அதாவது இந்த நேரத்துக்கு முன் வெளியிடக் கூடாது என்ற கட்டுப்பாடு, புதன்கிழமை லண்டன் நேரம் நாலு மணிக்கு விலகும், நமக்கு ராத்திரி எட்டரை, குளிர்காலத்தில் ஒன்பதரை. ‘சயின்ஸ்’ வியாழன் நள்ளிரவுவாக்கில். அந்த இரண்டு இரவும் உட்கார்ந்து, வந்த ஆய்வைத் தமிழில் 300 சொல்லில் எழுதிப் பழகுங்கள். யாரும் போடாவிட்டாலும் எழுதுங்கள். கை வேகம் வரும். ஆனால் அதையே தொழிலாக்கிக்கொள்ள வேண்டாம். அடுத்தவர் ஆய்வை மொழிபெயர்க்கும் ஆட்கள் ஏற்கனவே நிறைய இருக்கிறார்கள்.

முதல் செய்தி எதை எடுப்பது என்று கேட்டால், நீங்கள் கடல் உயிரியல்காரர், கையிலேயே இருக்கிறது. 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. எல்லாரும் எண்ணிக்கையை எழுதினார்கள், கொஞ்சம் பேர் இழுவலைப் படகுகளைத் திட்டி எழுதினார்கள். வரிசையாகப் பாருங்கள். ஆமை முட்டையிட வருவது ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை. விசைப்படகுகளுக்கான 61 நாள் தடைக்காலம் தொடங்குவது ஏப்ரல் 15. ஆமை வரும் மாதங்களில் பெரும்பகுதி தடைக்கு வெளியே கிடக்கிறது. 1983 தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி கரையை ஒட்டிய கடற்பகுதி நாட்டுப் படகுகளுக்கானது. விசைப்படகு அதற்குள் வந்தால் பிடிப்பது யார், எத்தனை படகைப் பிடித்தார்கள், அபராதம் எவ்வளவு? இது தகவல் உரிமைக் கேள்வி, இன்றைக்கே போட்டுவிடலாம். வலையில் ஆமை தப்பிக்கும் கருவி இல்லை என்ற காரணத்தைச் சொல்லித்தான் 2019-ல் இந்தியா கடலில் பிடிக்கும் இறாலை வாங்குவதை அமெரிக்கா நிறுத்தியது. கருவி போட்டால் இறாலும் கொஞ்சம் தப்பும் என்று படகுக்காரர் சொல்வார். டீசல் கணக்கையும் சொல்வார். அவரை வில்லனாக்காமல் ஒருநாள் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலை மூன்று மணிக்குப் போய் நின்று பேசுங்கள். ராத்திரி, 1988-லிருந்து கடற்கரையில் நடந்து ஆமை முட்டைகளைக் காப்பாற்றும் மாணவர் அமைப்போடு நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை நடங்கள். செத்த ஆமையைக் கூறு போட்டுப் பார்த்தார்களா, நுரையீரலில் என்ன இருந்தது என்று கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். மூச்சுமுட்டிச் செத்த ஆமையின் நுரையீரல் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும், அதனால் அவர் பதிலில் எங்கே நழுவுகிறார் என்பதும் தெரியும்.

இதை 200 சொல்லில் ஒரு பிட்ச்சாக எழுதுங்கள். யார் பாதிக்கப்படுகிறார், இப்போது ஏன், எந்த ஆவணம் கையில் இருக்கிறது, யார் யாரிடம் பேசியாயிற்று. உங்கள் ஆய்வேட்டுத் தலைப்பு அதில் வேண்டாம். முனைவர் பட்டத்தைக் கடைசி வரியில் போட்டால் போதும், என்னுடையதை மூன்று வருடமாக எந்த ஆசிரியரும் கேட்கவில்லை.